பதினோரு வட்டத் தடங்கள்

பவளத்தின் இடது முன்னங்காலில் இருந்த லாடம் போல இன்னொன்று அந்தப் பக்கத்தில் எந்தக் குதிரைக்கும் கிடையாது. குளம்பில் நெட்டுக்குத்தாக ஒரு வெடிப்பு இருந்தது. பின்பக்கம் திறந்த சாதாரண லாடம் அடித்தால் வெடிப்பு அகன்றுகொண்டே போகும். பின்பக்கமும் மூடிய வட்ட லாடம்தான் வேண்டும் என்று காஞ்சனா ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி மாடுகளுக்கு லாடம் அடிக்கிற தங்கச்சாமியிடம் போனாள். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது லாடமா, வளையலாம்மா?"

"வளையல்னே வெச்சுக்கோங்க."

"வளையல்னா ஜோடியாத்தான் செய்யணும்" என்று சொல்லி இரண்டாகச் செய்து கொடுத்தார். ஒன்று பவளத்தின் காலில் ஏறியது. மற்றது பேண்டேஜ் துணியில் சுற்றப்பட்டுச் சாமான் பெட்டியின் அடியில் கிடந்தது.

பேண்டேஜ் துணிக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. காஞ்சனாவின் அப்பா சுப்புராஜுக்கு ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி சாலையில் பேண்டேஜ் நெய்கிற மில் இருந்தது. ஓரம் பிசகிய சுருள்கள் எல்லாம் பின்கட்டு லாயத்துக்கு வந்துவிடும். மில்லில் பஞ்சு பிரிக்கிற வேலைக்கு வந்து, குதிரை வந்த நாளிலிருந்து லாயத்துக்கு மாறிவிட்ட வேலுத்தாய், தினமும் காலையில் பவளத்தின் நாலு கால்களையும் சுற்றிக் கட்டுவாள். "காயம் பட்டவனுக்குத் துணி கெடைக்கல. காயமே இல்லாத காலுக்கு நாலு சுருளு" என்பாள். கட்டு மட்டும் ஒரு நாளும் நழுவியதில்லை.

பவளம் பந்தயத்துக்கு வேகம் போதாது என்று ஊட்டியில் கழித்துவிடப்பட்ட செந்நிறப் பெட்டை. பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தால் என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, காஞ்சனா குதிரை என்று சொல்லியிருந்தாள். அதற்கு முன்பு இரண்டு கோடை விடுமுறைகளில் ஊட்டி முகாமில் ஏறிப் பழகியிருந்தாள். ஸ்கூட்டர் கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்த சுப்புராஜ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பின் இரண்டு வருஷம், விடியற்காலையில் மில் சங்கு ஊதுமுன்பே அவள் சேத்தூர் சாலையைத் தாண்டிக் கண்மாய்க் கரையில் இருப்பாள். தார் டிரம்களைப் படுக்கப் போட்டுத் தாண்டினாள். பனங்கட்டையைத் தாண்டினாள். கதிரடிக்கிற களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வட்டமும் எட்டும் நடக்கப் பழக்கினாள்.

அவள் பழகியது ஈவென்டிங். ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று சோதனைகள். முதலில் டிரெஸ்ஸாஜ்: கோட்டுக்குள் ஒழுங்கு நடை. அடுத்தது ஷோ ஜம்பிங்: தட்டினால் விழுகிற கம்புகளைத் தாண்டுவது. கடைசியாக கிராஸ் கன்ட்ரி: தோப்பு, ஓடை, மேடு என்று மூன்று கிலோமீட்டர் ஓடி, அசையாத மரத்தையும் கல்லையும் தாண்டுவது. கம்பு விழுந்தால் மதிப்பெண் போகும். மரம் விழாது, விழுவது குதிரையும் ஆளும்தான்.

1992 தை மாதம் கூமாப்பட்டி போகிற வழியில் ஒரு மாந்தோப்பில் ஜூனியர் தகுதிப் போட்டி நடப்பதாக அறிவிப்பு வந்தது. முழுதாக முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. அது இருந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். சுப்புராஜ் அறிவிப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த வீட்டுப் பேச்சில் தெலுங்கு கலந்திருக்கும்; மகள் அவருக்கு அம்மாயி, அப்பா அவளுக்கு நானா.

"அம்மாயி, பன்னெண்டாவது முடியப் போகுது. நீ முடிச்சுக் காட்டு, இன்னும் ரெண்டு வருஷம் குதிரை இங்க நிக்கட்டும். இல்லைன்னா மதுரைக்காரர் கேட்டுட்டே இருக்கார், குடுத்துருவேன்."

மதுரைக்காரர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். வெடித்த குளம்போடு தார் ரோட்டில், பேண்டு சத்தத்துக்கு நடுவில், முதுகில் மாப்பிள்ளையோடு பவளம் நடப்பதை நினைத்துப் பார்க்கக் காஞ்சனாவால் முடியவில்லை.

"சரே, நானா" என்றாள்.

*

போட்டிக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் காஞ்சனாவுக்குத் தெரிந்தவள் கமலவல்லி மட்டும்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை டாக்டர் ஸுந்தரராஜனின் மகள். போலீசில் ஓய்வு கொடுத்த ஒரு பழுப்புக் குதிரையை டாக்டர் வாங்கி மாருதி என்று பெயர் வைத்திருந்தார்.

"அனுமார் பேரா?" என்று கேட்டாள் காஞ்சனா.

"அனுமாராவது. கார் மாதிரி ஓடும்னு நெனச்சு வெச்சார். மாட்டு வண்டின்னு வெச்சிருக்கணும்."

முதல் நாள் டிரெஸ்ஸாஜ் முடிந்தது. காஞ்சனா மூன்றாவது, கமலவல்லி நாலாவது. சாயங்காலம் போட்டிப் பொறுப்பாளர், கேப்டன் என்று எல்லோரும் கூப்பிட்ட ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, ஒன்பது பேரையும் மாமரத்தடியில் நிற்க வைத்து விதிகளைச் சொன்னார். சிவப்புக் கொடி வலது கைப்பக்கம், வெள்ளைக் கொடி இடது கைப்பக்கம், நடுவில் தாண்ட வேண்டும். ஏறுகிறவர் பாதையை எத்தனை தடவை வேண்டுமானாலும் நடந்து பார்க்கலாம். குதிரை பார்க்கக் கூடாது.

"நாளைக்கு முன்னாடி யார் குதிரையோட குளம்படியாவது பாதையில தெரிஞ்சா, அந்தக் குதிரையும் இல்ல, ஆளும் இல்ல. வீட்டுக்குப் போகலாம்."

முதல் தடவை காஞ்சனாவும் கமலவல்லியும் சேர்ந்தே நடந்தார்கள். மனிதக் கால் நாலு எட்டு வைத்தால் குதிரையின் ஒரு பாய்ச்சல் என்பது கணக்கு. எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும் என்பதால் பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. ஏழாவது தடையில் இருவரும் நின்றார்கள். கண்மாய் ஓரம். தண்ணீர் வடிந்து காய்ந்த கரிய வண்டல் ஒரு பாதை மாதிரி நீண்டு கிடந்தது. அதன் இடது பக்கம் மொட்டைப் பாறை. வண்டலின் முடிவில், வெட்டிச் சாய்த்த பெரிய புளியமரம் ஒன்று இடுப்பு உயரத்துக்குக் குறுக்கே கிடந்தது. மரத்தைத் தாண்டப் பயப்படுகிறவர்களுக்குச் சுற்று வழி ஒன்றும் இருந்தது. பாறையைச் சுற்றிப் போய்ச் சின்ன வேலி ஒன்றைத் தாண்டலாம். இருபது நொடி கூடுதலாகும்.

"நான் நேராத்தான் போவேன். நீ சுத்திண்டு வா, ராஜபாளையத்துக்கே போயிட்டு வந்துடலாம்" என்றாள் கமலவல்லி.

"மாட்டு வண்டி நேரா போனா, நானும் நேராத்தான் போவேன்."

வண்டலில் இருவரும் எட்டு வைத்து அளந்தார்கள். காஞ்சனாவின் கேன்வாஸ் ஷூவில் இடது அடிப்பாகம் கிழிந்து, சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருந்தது. வண்டலில் அது ஒரு சதுரமாகப் பதிந்தது. கமலவல்லி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

அரைமணி நேரம் கழித்துக் காஞ்சனா தனியாக இரண்டாவது தடவை நடந்தாள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. ஆனால் நல்ல வெளிச்சம் இருந்தது. தோப்பில் வழி நெடுக மயில்கள் அகவிக்கொண்டிருந்தன. கண்மாய் ஓரத்துக்கு வந்ததும் அந்தச் சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வண்டலில் குளம்படிகள் இருந்தன.

ஒரு குதிரை பாய்ந்து வந்திருந்தது. புல் முடிந்து வண்டல் தொடங்குகிற இடத்தில் ஆரம்பித்து, நேராக ஏழாவது தடையை நோக்கிப் போயிருந்தது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் நாலு தடம். அந்த நாலில் ஒன்று, இடது முன்னங்காலுடையது, பின்பக்கம் மூடிய வட்டம்.

காஞ்சனா குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. ஓரங்கள் இன்னும் உதிரவில்லை. பக்கத்திலேயே நடந்து எண்ணினாள். பதினோரு வட்டத் தடங்கள். பதினோராவது மற்றவற்றைவிட ஒரு விரல்கடை ஆழமாக இருந்தது. மண் பெயர்ந்து முன்னால் குவிந்திருந்தது. குதிரை தாவுகிற இடத்தில் மண் அப்படித்தான் பெயரும். ஆனால் அங்கிருந்து மரத்துக்கு இன்னும் இரண்டு பாய்ச்சல் தூரம் இருந்தது. அங்கே தாவுகிற எந்தக் குதிரையும் மரத்தின் மேல்தான் போய் விழும்.

மரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வண்டல் அங்கேயும் இருந்தது. அதில் ஒரு தடமும் இல்லை.

பதினோராவது தடத்துக்குச் சற்று முன்னால் அவளுடைய ஷூ தடங்கள் இரண்டு இருந்தன, டியூப் சதுரத்தோடு. முதல் தடவை அளந்தபோது விழுந்தவை என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்க நேரமில்லை. தோப்புக்குள் கேப்டனின் புல்லட் சத்தம் கேட்டது. கடைசியாக ஒரு முறை பாதையைப் பார்க்க வருகிறார்.

அந்த வட்ட லாடம் யாருடையது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். காலையில் டாக்டர் பரிசோதனையில் கேப்டனே பவளத்தின் காலைத் தூக்கிப் பார்த்து, யார் செய்தது என்று விசாரித்திருந்தார். காஞ்சனா புளியங்கிளை ஒன்றை ஒடித்தாள். புல்லிலிருந்து மரம் வரைக்கும் பின்னாலேயே நடந்து, குளம்படிகளைக் கூட்டி அழித்தாள். புல்லட் வந்து நின்றபோது அவள் மரத்தின்மேல் உட்கார்ந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, கிளையோட?"

"கொசு, சார்."

கேப்டன் வண்டலைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போனார்.

லாயக் கொட்டகைக்கு அவள் ஓடித்தான் வந்தாள். பவளம் கட்டின இடத்தில் நின்று புல் மென்றுகொண்டிருந்தது. நாலு காலும் காய்ந்து, கட்டு கலையாமல் இருந்தது. வேலுத்தாய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேலுத்தாயக்கா, இத யாராவது அவுத்தாங்களா?"

"யாரு அவுக்கப் போறா? இது இங்கதான் நிக்கி. நானும் இங்கதான் குத்தவெச்சிருக்கேன். காப்பித்தண்ணி குடிக்கக்கூட நவுரல." அவள் காஞ்சனாவை ஏற இறங்கப் பார்த்தாள். "மூஞ்சி ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கு, பாப்பா?"

காஞ்சனா பவளத்தின் இடது முன்னங்காலைத் தூக்கினாள். வட்ட லாடம் இருந்தது. ஆணித் துளைகளில் காய்ந்த செம்மண். கரிய வண்டல் ஒரு துளிகூட இல்லை.

வராத குதிரையின் தடம். அப்படியென்றால் வரப்போகிற குதிரையின் தடம். அவள் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நாளை பவளமும் தானும் எங்கே விழப்போகிறோம் என்பதை மண் முன்கூட்டியே காட்டிவிட்டது. பெட்டியின் அடியில் துணியில் சுற்றிக் கிடக்கிற இன்னொரு லாடம் அவள் நினைவுக்கே வரவில்லை.

*

மறுநாள் காலை ஷோ ஜம்பிங்கில் பவளம் ஒரு கம்பைத்தான் தட்டியது. கிராஸ் கன்ட்ரியில் காஞ்சனாவின் முறை நாலாவது. ஒலிபெருக்கியில் ஐந்திலிருந்து ஒன்று வரை எண்ணி முடித்ததும் கிளம்பினாள்.

முதல் ஆறு தடைகளும் அவளுக்குப் பிறகு நினைவில் நிற்கவே இல்லை. பவளம் காதை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடியது. கண்மாய் தெரிந்ததும் காஞ்சனாவின் முழங்கால்கள் தாமாகவே இறுகின. குதிரைக்கு அது போதும், வேகம் குறைந்தது. வண்டலை மிதிப்பதற்கு முன்பே அவள் கடிவாளத்தை இழுத்துத் திருப்பினாள். பாறையைச் சுற்றி, சின்ன வேலியைத் தாண்டி, எட்டாவது தடைக்குப் போய்விட்டாள். ஏழாவது தடையின் நடுவராகக் குடையின் கீழ் உட்கார்ந்திருந்த பரிபூரணம் டீச்சர் அட்டையில் எதையோ குறிப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

முடிவுக் கோட்டைத் தாண்டியபோது இருபத்திரண்டு நொடி தாமதம். அதற்குச் சில மதிப்பெண்கள் போகும், அவ்வளவுதான். முடித்தாயிற்று. பலகையில் அவள் பெயருக்கு நேராகச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்கள்: தகுதி.

பூட்சைக் கழற்றி எறிந்துவிட்டுக் கேன்வாஸ் ஷூவை மாட்டினாள். பவளத்தின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். அழிக்கப்பட்டது அழிந்தே போய்விட்டது என்று தோன்றியது. இரண்டு வருஷம். மதுரைக்காரர் வேறு குதிரை பார்த்துக்கொள்ளட்டும்.

"லாடத்த ஒருக்கா பாத்துரு, பாப்பா" என்றாள் வேலுத்தாய். "இது ஆடிச்சின்னா மாத்த வேற இல்ல."

"ஏன், பெட்டியில ஒண்ணு இருக்கே?"

"அது எங்க இருக்கு? வில்லிபுத்தூர் பாப்பா குதிரைக்குக் காலையில இடது முன்னங்கால் லாடம் கழண்டு போச்சாம். தங்கச்சாமி அண்ணாச்சிகிட்ட இருந்தது எல்லாம் மாட்டு லாடம். டாக்டரு ஐயா வந்து, எம்மா எம்மான்னு நின்னாவ. அவிய அப்படிக் கேக்கையில இல்லேன்னு சொல்ல முடியுமா? நம்ம வளையல எடுத்துக் குடுத்தேன். அளவு கொஞ்சம் முன்னப்பின்ன, அடிச்சிட்டாவ." வேலுத்தாய் நிமிர்ந்தாள். "என்ன? குடுத்தது தப்பா?"

ஒலிபெருக்கி எண்ணத் தொடங்கியது. ஏழாவது முறை, கமலவல்லி, மாருதி. ஐந்து. நாலு.

தொடங்கும் கோடு தோப்பின் மறுகோடியில் இருந்தது. கத்தினால் கேட்காது. காஞ்சனா அசையவில்லை. விதித்தாளில் எழுதியிருந்தது அவளுக்கு வரி வரியாகத் தெரியும். ஓடுகிற குதிரையின் பாதையில் குறுக்கே போனால் நீக்கம். முடித்தவராக இருந்தாலும் நீக்கம். பலகையில் எழுதியது அழிந்துவிடும். பவளம் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஈர மூக்கை அவள் தோளில் தேய்த்தது.

ஒன்றாவது தடை தாண்டியாயிற்று என்று ஒலிபெருக்கி சொன்னது. இரண்டாவது தடை. அவள் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது தடையும் தாண்டியாயிற்று என்று கேட்ட பிறகுதான் ஓடினாள். அந்த மூன்று தடைகளின் நேரத்தை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

குறுக்கு வழியாகத் தோப்புக்குள் ஓடினாள். வேலுத்தாய் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. கண்மாய்க் கரையில் ஏறி இறங்கியபோது பரிபூரணம் டீச்சர் குடையோடு எழுந்தார்.

"ஏட்டி, எங்க வார? குதிரை வருது, வெளிய போ."

அவள் வண்டலின் நடுவில் போய், மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கால்களை அகட்டி இரண்டு கைகளையும் விரித்தாள்.

புல்மேட்டில் மாருதி தெரிந்தது. வண்டலில் இறங்கியது. நாலு குளம்புகள் மண்ணில் விழுகிற சத்தம் மார்புக்குள் கேட்டது. கமலவல்லியின் வாய் திறந்திருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. காஞ்சனா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. குதிரையின் பின்பாகம் தாழ்ந்தது, முன்னங்கால்கள் விறைத்தன, மண் பெயர்ந்து அவள் முழங்காலில் தெறித்தது. கமலவல்லி குதிரையின் கழுத்தில் போய் மோதி, பிடரியைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ விழாமல் உட்கார்ந்தாள்.

மாருதியின் மூச்சு காஞ்சனாவின் முகத்தில் பட்டது.

"என்னடி பண்றே நீ?" என்று கத்தினாள் கமலவல்லி. "நான் உன்னைத் தாண்டிப் போயிடுவேன்னு பயமா? சொல்லேன். வாயத் தொறந்து சொல்லேன்."

அவள் குதிரையை இடது பக்கம் திருப்பிப் பாறைமேல் ஏற்றினாள். பரிபூரணம் டீச்சர் விசில் ஊதினார். கேப்டனின் புல்லட் வந்து நின்றது.

"காரணம் சொல்லு" என்றார் கேப்டன்.

காஞ்சனா சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் இந்த இடத்தில் குளம்படிகள் இருந்தன. வட்ட லாடம். மரத்துக்கு இரண்டு பாய்ச்சல் முன்னால் நின்றுபோயிருந்தன. அவற்றை அழித்தது தான்தான். இன்று அந்த லாடம் மாருதியின் காலில்.

"அப்ப உன் குதிரை நேத்து இங்க வந்திருக்கு."

"வரலை, சார்."

"வராத குதிரையோட தடத்தை நீ எதுக்கும்மா அழிச்ச?"

கேப்டன் கோபப்படவில்லை. பைக்குள்ளிருந்து தாளை எடுத்து, நீக்கத்துக்கான இரண்டு காரணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் காஞ்சனா கீழே பார்த்தாள். காலையில் போன குதிரைகளின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பிக் கிடந்தன. அவற்றின் மேலே, புதிதாக, புல்லிலிருந்து நேராக வந்தது வட்டத் தடம். எண்ணாமலிருக்க அவளால் முடியவில்லை. பதினொன்று. பதினோராவது மற்றவற்றைவிட ஒரு விரல்கடை ஆழம். மண் பெயர்ந்து முன்னால் குவிந்திருந்தது. தாவுகிற குதிரைக்கு மட்டுமல்ல, பிடித்து நிறுத்தப்படுகிற குதிரைக்கும் மண் அப்படித்தான் பெயரும். பக்கத்தில் பாறை, பாறையில் தடம் விழாது. மரத்துக்கு அந்தப் பக்கம் வட்டத் தடம் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பதினோராவது தடத்துக்குச் சற்று முன்னால், அகன்று, குதிகால் அழுந்தி, அவளுடைய இரண்டு ஷூ தடங்கள். டியூப் சதுரம். நுனிகள் மரத்தைப் பார்க்கவில்லை. குதிரை வந்த திசையைப் பார்த்தன. நேற்றுப் பார்த்த தடங்களும் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று அவள் இப்போதுதான் யோசித்தாள்.

தடுக்கப்பட்ட நேரத்தைக் கழித்துவிட்டு, கமலவல்லியைப் புல்மேட்டிலிருந்து மறுபடி கிளம்பச் சொன்னார் கேப்டன். அவள் வண்டலின் வலது ஓரமாகவே வந்தாள். மாருதி புளியமரத்தை ஒரு முழம் மீதம் வைத்துத் தாண்டியது. அடுத்து வந்த இருவரும் தாண்டினார்கள். யாரும் விழவில்லை.

*

மதுரைக்காரரின் லாரி ஐந்தாம் நாள் வந்தது. காஞ்சனா கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: வட்ட லாடத்தைக் கழற்ற வேண்டாம். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பவளம் பலகையில் ஏற மறுத்தது. வேலுத்தாய்தான் முன்னால் ஏறி நின்று, "வா ஆத்தா, வா" என்று பேசிப் பேசி ஏற்றினாள். இறங்கியதும் யாரையும் பார்க்காமல் போய் லாயத்தைக் கழுவத் தொடங்கினாள்.

கேப்டன் எழுதிய தாளைச் சுப்புராஜ் இரண்டு தடவை படித்திருந்தார். சாப்பிடும்போது, "ஆ பில்ல கிந்த படலேது கதா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பிள்ளை கீழே விழவில்லை அல்லவா என்று. இல்லை என்றாள்.

பத்து நாள் கழித்துக் கமலவல்லி பஸ்ஸில் வந்தாள். கையில் பால்கோவாப் பொட்டலம். துணியில் சுற்றிய லாடத்தையும் மேஜைமேல் வைத்தாள்.

"கழட்டியாச்சு. அது கால்ல இருந்தா நான் ஏறமாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"ஏன்?"

கமலவல்லி பொட்டலத்து நூலைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நீ நின்னதை நான் பாத்தது புல்மேட்டுல ஏறினப்புறம்தான். மாருதி அதுக்கு முன்னாடியே காதைப் பின்னாடி மடிச்சுடுத்து. ஆறாவது தாண்டினதிலேர்ந்தே அதுக்கு ஓட மனசில்லை. நீ இல்லேன்னாலும் அங்கேதான் நின்னிருக்குமோ, இல்லே வேற என்ன ஆயிருக்குமோ, தெரியலை. உன்னைத் திட்டினதுக்காக வரலை. இதைச் சொல்லத்தான் வந்தேன்." பிறகு, "நீ இல்லாம தேசியப் போட்டிக்கு நான் யாரோட சண்டை போடறது, சொல்லு" என்றாள்.

பால்கோவாவை இருவரும் அந்த வட்ட இரும்பைப் பார்த்துக்கொண்டே தின்றார்கள்.

மாசி பிறந்தது. பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது. காஞ்சனாவுக்கு விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒருநாள் காலை நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, கையில் புத்தகத்தோடு பின்கட்டுக்குப் போனாள். மில் முற்றத்தில் முந்தின நாள்தான் ஆற்று மணல் பரப்பியிருந்தார்கள். வேலுத்தாய் விளக்குமாற்றோடு மணலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா, கேட்டு பூட்டித்தான் கெடந்துச்சு. நான்தான் இப்ப வந்து தொறந்தேன்."

கேட்டிலிருந்து லாயத்துக்கு ஒரு குதிரை நடந்து வந்திருந்தது. பாய்ச்சல் இல்லை, மெதுவான நடை. ஒவ்வொரு நாலாவது தடமும் வட்டம். அந்த வட்டத்துக்கு முன்னால் மட்டும், ஒரு சாண் நீளத்துக்கு, நுனியை இழுத்த கோடு இருந்தது. நொண்டுகிற கால் அப்படித்தான் இழுக்கும். பக்கத்தில் அதைப் பிடித்து வந்த மனிதக் கால் எதுவும் இல்லை. லாயத்து வாசலில் தடங்கள் உள்ளே திரும்பியிருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

வேலுத்தாய் விளக்குமாற்றைக் கையில் மாற்றிப் பிடித்தாள். "கூட்டிரட்டுமா?"

"வேண்டாம்."

"ஆளுக வேலைக்கு வருவாவ. மிதிச்சிருவாவ."

"மிதிக்கட்டும். நீங்க கூட்டாதீங்க." காஞ்சனா புத்தகத்தைச் சுவர்மேல் வைத்தாள். "தொட்டியில தண்ணி ரொப்பணும், அக்கா. வைக்கோல் புதுசாப் போடணும்."

வேலுத்தாய் வாளியை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனாள்.

காஞ்சனா தடங்களை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து மில் ஆபீசுக்குப் போனாள். சுப்புராஜ் அப்போதுதான் வந்து விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நானா, அகலப் பேண்டேஜில ரெண்டு சுருள் வேணும்."

"யாருக்கு, அம்மாயி? என்ன காயம்?"

"இடது முன்னங்கால்" என்றாள். "இன்னும் வரலை."